இரண்டு அடுக்குகளுக்கு நடுவே

பொழுதுபோக்கவும் மகிழவும் படிக்கும் தமிழர் பெரும்பாலும் கதைதான் படிக்கிறார். ருசி மட்டும் இதற்குக் காரணமன்று. நூல் கைக்கு வந்து சேர்ந்த வழியும் காரணம். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வாராவாரம் வந்தது. தொடர்கதை, மாத நாவல், வாடகை நூலகம் என வாசிப்பைப் பரப்பியவை யாவும் கதையை நம்பியே நடந்தன. ஆயினும் உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திர'மும் 1940களின் தொடக்கத்தில் 'ஆனந்த விகட'னில் தொடராக வந்ததுதான். ஏடு தேடி அலைந்த ஒரு புலவரின் வாழ்க்கையை வார இதழ் வாசகர்கள் காத்திருந்து படித்தார்கள். கட்டுரை நூலைத் தமிழர் தொட மாட்டார் என்ற பதிப்பகப் பேச்சு, ஆகவே, பாதி உண்மைதான்.

எதைப் படிப்பது என்று சொல்லித்தர முன்வந்தவர்களில் க.நா. சுப்ரமண்யம் முக்கியமானவர். 'படித்திருக்கிறீர்களா?' என்று நூலுக்கே பெயர் வைத்தவர் அவர். அவருக்குப் பின் பட்டியல்கள் பெருகின. அவற்றின் பயன் பெரிது, குறையும் உண்டு: பெரும்பாலானவை நாவலையும் சிறுகதையையும் மட்டுமே தரம் பிரிக்கின்றன. தி. ஜானகிராமனா, சுஜாதாவா என்ற சண்டையில் ஏ.கே. செட்டியாரின் பயண நூல்களும் தொ. பரமசிவனின் 'பண்பாட்டு அசைவுகள்' போன்றவையும் கண்ணில் படாமல் போகின்றன.

நூலகத்தின் அடுக்குமுறையும் இந்தப் பிரிவை உறுதிப்படுத்துகிறது. ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்பது சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்று. ஆனால் கல்கியின் நாவல் ஓர் அடுக்கில் இருக்கும். அதே சோழரைப் பற்றி தி.வை. சதாசிவப் பண்டாரத்தார் தமிழிலேயே எழுதிய வரலாறு வேறோர் அடுக்கில் இருக்கும். நடுவே நடக்க வேண்டியவர் வாசகர்தான்.

இப்படி நடப்பதே பலவகை வாசிப்புக்கு எளிய வழி. அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்த 1948ஆம் ஆண்டுக் கலவரக் காலத்தை ஓர் இளைஞனின் கண்ணால் காட்டுகிறது. அதை முடித்தவருக்கு ராமச்சந்திர குஹாவின் இந்திய வரலாறு பாடப்புத்தகமாகத் தோன்றாது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரிடையே தங்கிச் செய்தி திரட்டி ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'கரிப்பு மணிகள்' நாவல்தான். ஆனால் கள ஆய்வின் கனம் அதில் இருக்கிறது. பாமாவின் 'கருக்கு' (1992) தன்வரலாறா நாவலா என்று அடுக்குபவரைத் திணறவைக்கும். இத்தகைய எல்லைக்கோட்டு நூல்களே புதிதாகத் தேடுபவருக்கு நல்ல வாசல். மாத நாவலில் தொடங்கியவர் வெட்கப்பட வேண்டியதில்லை. விறுவிறுப்பைப் பழகிய கண் வேறெதையும் படிக்கும்.

நேரத்தின் அளவும் தேர்வைத் தீர்மானிக்கிறது. மணவாள நகரிலிருந்து திருவள்ளூர் நிலையம் வந்து புறநகர் மின்ரயிலில் சென்னைக்குப் போகிறவருக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் கிடைக்கும். புதுமைப்பித்தனின் இரண்டு மூன்று கதைகளுக்கு அது தாராளம். ஷிப்டு முடிந்து நின்றுகொண்டே வருபவருக்குப் பெரிய நாவல் சரிப்படாது. அந்த ரயில்கள் போய்ச் சேரும் மூர் மார்க்கெட் வளாகம், 1985இல் தீக்கிரையான பழைய மூர் மார்க்கெட் இருந்த இடம். தமிழ்நாட்டின் பெயர்பெற்ற பழைய புத்தகச் சந்தை அங்கேதான் இருந்தது.

உள்ளூர்ப் பொருளில் தொடங்குவது கட்டுரை நூலுக்குள் நுழையச் சிறந்த வழி. திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தார். அங்குள்ள தொன்மையான கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் அறிவிக்கப்பட்டது. டோனி ஜோசப்பின் 'ஆதி இந்தியர்கள்' போன்ற மனித வரலாற்று நூலை இந்த ஊர்க்காரர் தம் மண்ணிலிருந்தே படிக்கத் தொடங்கலாம். படித்தவர் நேரில் பார்க்க விரும்பினால், பக்கத்திலுள்ள பூண்டியில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது.