எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு

‘முள்ளும் மலரும்’ (1978) படத்தில் யேசுதாஸ் பாடும் ஜீப் பாட்டை மலைப்பாதையில் கேட்டதுண்டா? படத்திலேயே அது மலைப்பாதைப் பாட்டுதான். திருப்பத்தூரிலிருந்து நெல்லிவாசல்நாட்டுக்கு ஏறும் வண்டியில் போட்டால் வளைவுக்கு வளைவு ஒட்டிக்கொண்டே வரும். குரலில் அவசரமே கிடையாது. சரி, அது முடிந்ததும் எதைப் போடுவது? ஒருவரின் ரசனை அங்கேதான் பிடிபடும். நல்ல பாட்டு வேண்டுமென்றால் இளையராஜாவின் படங்களில் கண்ணை மூடிக்கொண்டு கை வைக்கலாம். அதற்கடுத்த பாட்டை வைக்கத்தான் ஆள் வேண்டும்.

யேசுதாசுக்குப் பின் இன்னொரு யேசுதாஸ் கூடாது என்பது என் கட்சி. அந்த வழவழப்பு காதில் இருக்கும்போதே ‘முதல் மரியாதை’ (1985) மலேசியா வாசுதேவன் வரட்டும். மண் உதிராத குரல். பந்தியில் இனிப்புக்குப் பக்கத்தில் ஊறுகாய் வைத்தவன் அறிந்த வித்தை இது. பிறகு ஜானகி: ‘16 வயதினிலே’ (1977) படத்தில் தேசிய விருது வாங்கிய பாட்டு. பதினாறு வயதுப் பெண்ணின் ஆசை அதில் துள்ளாது, மிதக்கும். ‘நிழல்கள்’ (1980) படத்தில் வைரமுத்து எழுதிய முதல் பாட்டை, எஸ்.பி.பி. பாடிய அந்த அந்திப் பாட்டை, தயவுசெய்து காலையில் போடாதீர்கள்.

இந்த அடுக்கும் கலையில் கரை கண்டவர்கள் எண்பதுகளின் ரெக்கார்டிங் கடைக்காரர்கள். தாளில் பாட்டுகளை எழுதிக்கொடுத்தால் வெற்றுக் கேசட்டில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். நாலரை நிமிடப் பாட்டு ஆறு போனால் மூன்று நிமிடம் மிஞ்சும். ஏழாவதை ஏற்றினால் சரணத்தின் நடுவே டக்கென்று அறுந்துவிடும். கைதேர்ந்தவர் அங்கே ஒரு சின்ன வாத்திய இசையை வைத்து அடைப்பார். கேட்காமல் வந்த அந்தத் துண்டு, ஆசைப்பட்டு எழுதிக்கொடுத்ததைவிட மனதில் நின்றதும் உண்டு.

பிறகு மெமரி கார்டு வந்தது. 4 ஜிபி கார்டில் எழுநூறு, எண்ணூறு பாட்டு அடங்கும். ஆனால் ஆங்கில எழுத்து வரிசையில் வந்து நிற்கும். தாலாட்டுக்கு அடுத்த வீட்டில் குத்துப்பாட்டு! விவரமானவர்கள் ஒவ்வொரு பாட்டின் பெயருக்கும் முன்னால் 01, 02 என்று எண் போட்டு வைப்பார்கள். அந்த இரண்டு இலக்கங்களைப் பார்த்தாலே எனக்கு அந்த ஆளைப் பிடித்துவிடும்.

சிக்னல் ஒரு மேட்டில் கிடைத்து அடுத்த பள்ளத்தில் தொலையும் மலையில், பாட்டு கைபேசிக்குக் கைபேசிதான் போக வேண்டும். ஷேர்இட் செயலி 2020 ஜூனில் தடையானாலும் ப்ளூடூத் இருக்கிறது. அதன் மந்தம்தான் அதன் அழகு. பாட்டு போய்ச் சேரும்வரை இருவரும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குள் ‘இது எதுக்கு?’ என்ற கேள்வி வந்துவிடும், பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். இணைப்பை அனுப்பிவிட்டு நகர்பவருக்கு அந்தச் சங்கடமும் இல்லை, சுகமும் இல்லை.

வாங்கியவர் என் 04-ஐ 02 ஆக்கிக்கொள்ளலாம், நடுவே ஒரு அனிருத்தை நுழைக்கலாம். அவர் பாடு. வாசுதேவனை எடுத்துவிட்டால் மட்டும் சண்டைக்கு வருவேன்.