முன்னிடைச்சொல்லும் முடியரசும்: ஜோன் ஹோண் ரூக்கின் இலக்கண ஆய்வு குறித்து ஒரு மீள்நோக்கு

ஆங்கிலங் கற்கும் மாணவருக்கென எழுதப்பெற்ற இலக்கண நூல்கள் பலவற்றின் இறுதிப் பகுதியில் நீண்ட பட்டியலொன்று காணப்படும். எந்தப் பெயரோடும் பெயரடையோடும் எந்த முன்னிடைச்சொல் சேர்ந்து வரும் என்பதை அப்பட்டியல் கூறும். ஒன்றில் வல்லவன் 'குட் அற்'; ஒன்றுக்கு அஞ்சுபவன் 'அஃபிறெயிட் ஒவ்'; ஒருவரை மணந்தவர் 'மறீட் ரு'. ஒரு செயலுக்கான நியாயம் 'றீசன் ஃபோர்' என்று வரும்; அதன் காரணமோ 'கோஸ் ஒவ்' என்று வரும். சார்ந்து நிற்பவன் 'ஒன்' என்பதைக் கொள்ள, சாராது நிற்பவன் 'ஒவ்' என்பதைக் கொள்கின்றான். இவை ஏன் இவ்வாறு அமைந்தன என்று மாணவன் வினவினால் அவனுக்குக் கிடைக்கும் விடை ஒன்றே: வழக்கு அவ்வாறுள்ளது; மனனஞ் செய்க.

யாருடைய வழக்கு என்ற வினாவை அந்நூல்கள் எழுப்புவதில்லை. பெயரையும் பெயரடையையும் பிறிதொரு பெயரோடு பிணைக்கும் இச்சிறு சொற்கள், பொருளற்ற வெறும் பசைகளாகவே கருதப்பட்டு வந்துள்ளன. இக்கருத்துக்கு வரலாறு உண்டு. 1751ஆம் ஆண்டில் 'ஹேமிஸ்' என்னும் நூலை வெளியிட்ட ஜேம்ஸ் ஹரிஸ், முன்னிடைச்சொல் தன்னளவிற் பொருளில்லாதது என்றும், தாமாக ஒன்றோடொன்று கூடாத பொருளுடைச் சொற்களைக் கூட்டிவைப்பதே அதன் தொழில் என்றும் வரையறை செய்தார். இடைச்சொல் தனித்து இயங்காது என்ற தொல்காப்பியக் கருத்தை இதனோடு ஒப்பிட எமது வாசகர் விழையக்கூடும். ஆயின் ஒரு வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. தனித்தியங்காமை வேறு, பொருளின்மை வேறு. குறிப்பாற் பொருளுணர்த்தும் இடைச்சொற்களையும் தொல்காப்பியர் வகுத்துரைக்கின்றார். ஹரிஸ் பின்னர் பாராளுமன்ற உறுப்பினராகவும் அரச பதவி வகித்தவராகவும் விளங்கிய செல்வக் குடியினர். கிரேக்கமே நிறைவுடைய மொழியெனக் கருதியவர். அன்றாட ஆங்கிலம் பேசிய உழைப்பாளியின் வாய்மொழி அவரது பொதுமை இலக்கணத்தில் இடம்பெறவில்லை.

ஹரிஸ் தத்துவமாகக் கூறியது வேறொரு வகையிற் சட்டமாகவும் வடிவெடுத்தது. வாக்கியத்தை முன்னிடைச்சொல்லில் முடிப்பது குற்றமென்று 1672இல் டிறைடன், பென் ஜோன்சனைக் குறைகூறினார். பின்னர் 1668இல் வெளிவந்த தமது நாடகக் கட்டுரையையே அவ்விதிக்கமையத் திருத்தி 1684இல் மறுபதிப்பிட்டார். 1762இல் இலக்கணம் வகுத்த றொபேட் லௌத், அவ்வழக்கு பேச்சுக்கு ஏற்றது என்று ஒப்புக்கொண்டு, சொல்லை முன்வைப்பதே உயர்ந்த நடைக்கு உகந்தது என்றார். இதைக் கூறிய அவரது வாக்கியமே முன்னிடைச்சொல்லுடன் முடிந்தமை அறிஞர் பலரும் சுட்டிய வேடிக்கை. லௌத் 1777இல் இலண்டன் பேராயரானார். அவர் பரிந்துரை அளவிற் கூறியதைப் பிற்காலப் பாடநூலாசிரியர் தடையாக்கினர். பேச்சு நடை, உயர்ந்த நடை என்ற பாகுபாடு பேசுவோரைப் பற்றிய பாகுபாடாக மாறியது. வேறுபட்டது என்னும் பொருள்தரும் 'டிபறன்ற்' என்ற பெயரடை 'புறொம்' என்பதையே ஏற்கவேண்டும், 'ரு' என்பதை ஏற்றல் ஆகாது என்ற விதியும் இவ்வகையினது. 'டிபறன்ற் ரு' பதினாறாம் நூற்றாண்டிலிருந்தே எழுத்தில் வழங்கியது. அவ்விதி வெறும் மூடநம்பிக்கையென 1926இல் ஃபவ்லர் ஒதுக்கிய பின்னரும் அது பரீட்சைத் தாள்களை விட்டகலவில்லை.

ஒருகாலத்தில் இச்சிறு சொற்கள் பரீட்சையை மட்டுமன்றிச் சிறையையும் தீர்மானித்தன. 1775 ஏப்பிரல் மாதத்தில் அமெரிக்காவின் லெக்சிங்ரன், கொங்கோட் ஆகிய இடங்களிலே பிரித்தானியப் படையினர் குடியேற்ற மக்களைச் சுட்டுக்கொன்றனர். இறந்தோரின் விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் வயோதிபப் பெற்றோருக்கும் நூறு பவுண் திரட்டும் அறிவித்தலொன்று இலண்டன் பத்திரிகைகளில் வெளியாயிற்று. மன்னரின் படைகளால் அவர்கள் கொலை செய்யப்பட்டனர் என்று அது வெளிப்படையாகவே கூறியது. அறிவித்தலை வெளியிட்டவர் கோழி வணிகர் ஒருவரின் மகனும் மதகுருவுமான ஜோன் ஹோண். ரூக் என்ற பெயரை அவர் 1782இலேயே சேர்த்துக்கொண்டார். 1777 யூலையில் மான்ஸ்பீல்ட் பிரபுவின் முன்னிலையில் அவர்மீது அரசநிந்தனை வழக்கு விசாரிக்கப்பட்டது. ஓராண்டுச் சிறையும் இருநூறு பவுண் தண்டமும் விதிக்கப்பட்டன.

மேன்முறையீட்டில் எழுந்த பிரச்சினை இலக்கணப் பிரச்சினையாகும். அவ்வறிவித்தல் மன்னரது அரசாங்கத்தையும் அவரது படைகளின் ஈடுபடுத்துகையையும் 'ஒவ் அன்ட் கொன்சேணிங்' எழுதப்பட்டது எனக் குற்றப்பத்திரம் கூறிற்று. தமிழில் 'குறித்தும் பற்றியும்' எனலாம். அமெரிக்காவில் அந்நாளில் யாருடைய கட்டளையின் பேரிற் படை ஏவப்பட்டது என்ற செய்தியை வழக்குத் தொடுத்தோர் தனி வாக்கியமாக எடுத்துரைக்கவில்லை என்பது ஹோணின் வாதம். அவ்விரு சொற்களும் அறிவித்தலை அரசாங்கத்தோடு போதியளவு தொடுக்கின்றன என்று நீதிபதிகள் கொண்டனர். அவருக்கு எதிராகக் காட்டப்பட்ட முன்தீர்ப்பொன்றோ 'தற்' என்னும் இணைப்புச் சொல்லின்மேல் நின்றது. தம்மைச் சிறைக்கனுப்பியவை இரண்டு முன்னிடைச்சொற்களும் ஓர் இணைப்புச் சொல்லும் என்று அவர் பின்னாளிற் கசப்போடு எழுதினார். 1778இல் வழக்கறிஞர் டனிங்குக்கு அவர் வரைந்த கடிதமே அவரது இலக்கண ஆய்வின் தொடக்கம். அது விரிந்து 1786இல் 'பேர்ளிப் பொழுதுபோக்குகள்' என்ற நூலின் முதற் பாகமாகவும் 1805இல் இரண்டாம் பாகமாகவும் வெளிவந்தது.

'படைகளின் ஈடுபடுத்துகை' என்ற தொடரை நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். இது ஆங்கிலத்தில் இரு பெயர்களை 'ஒவ்' பிணைக்கும் மிகச் சாதாரணமான தொடர். ஏவியவர் யார், எங்கே, எப்போது, யார்மீது என்பன யாவும் இதிற் கரைந்துவிடுகின்றன. 'ஏவினான்' என்ற வினை 'ஈடுபடுத்துகை' என்ற பெயராக உறைந்ததும் வினைமுதல் மறைய, எஞ்சுவது இரு பெயர்களும் அவற்றிடையே ஒரு 'ஒவ்'வும். ஆட்சிமொழிக்கு இத்தொடர் இன்றியமையாததாய் இருப்பதன் காரணம் இதுவே. வினா எழுப்பவேண்டிய இடத்திலே இணைப்புச் சொல் அமைதியாக அமர்ந்திருக்கின்றது.

ரூக்கின் நூல் இவ்வமைதியைக் கலைக்க முற்பட்டது. முன்னிடைச்சொல் பொருளற்றது என்ற ஹரிஸின் கருத்தை அவர் முற்றாக மறுத்தார். இவை யாவும் ஒருகாலத்திற் பெயராகவோ வினையாகவோ வழங்கி, விரைந்து பேசும் தேவையாற் குறுகியவை என்பது அவர் கொள்கை. 'புறொம்' என்பது தொடக்கம் என்னும் பெயர்; 'வித்' என்பது சேர்த்தல் என்னும் வினை; 'ஒவ்' என்பது வழித்தோன்றல் என்னும் பெயர். மொழியிலே மறைபொருள் எதுவுமில்லை, உழவனும் அறியக்கூடிய பொருட்பெயர்களே உள்ளன என்பது இதன் அரசியற் சாரம். சட்ட நூலோர் கையிலிருந்து சொல்லை மீட்கும் முயற்சியாக இதனை நாம் கருதுகின்றோம்.

முயற்சி போற்றத்தக்கது, விளக்கங்கள் பலவும் பிழையானவை. பழைய ஆங்கிலத்தில் 'வித்' சேர்த்தலைக் குறிக்கவில்லை, எதிர்நிற்றலையே குறித்தது. உடனிகழ்ச்சிக்கு அன்று வழங்கிய சொல் 'மிட்'. அது வழக்கொழிந்து இன்று மருத்துவிச்சியைக் குறிக்கும் 'மிட்வைஃப்' என்ற சொல்லில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. எதிரியின் சொல் தோழனின் இடத்தைக் கைப்பற்றியது. ஒருவர்மீது சினமுற்றவர் இன்றும் 'ஆங்கிறி வித்' என்றே கூறப்படுவதிற் பழைய பகையின் சாயலைக் காணலாம். ஆனால் அத்தொடரைப் பேசுவோன் அச்சாயலை உணர்வதில்லை. 'ஒவ்' என்பதோ வழித்தோன்றலன்று. 'அகன்று' என்னும் பொருளில் 'ஒஃப்' என்பதோடு ஒரே சொல்லாக இருந்தது. வேற்றுமை உருபுகள் தேய்ந்தபோது, 1066இன் பின் வந்த நோர்மன் ஆட்சியில் பிரெஞ்சு மொழியின் 'டெ' செலுத்திய செல்வாக்கும் சேர, அது உடைமைப் பொருளுக்கு உரியதாயிற்று. பட்டியலிற் காணும் 'தாறுமாறு' இத்தகைய படையெடுப்புக்களினதும் தேய்வுகளினதும் படிவமாகும்.

விவரங்களிற் பிழைத்த ரூக், பொதுவில் முற்றிலும் பிழைத்தாரா? தமிழறிந்தோர் இவ்வினாவுக்கு விடைகூற வாய்ப்பான நிலையில் உள்ளனர். எமது சொல்லுருபுகளிற் பல இன்றுந் தம் பிறப்பை மறைக்கவில்லை. 'கொண்டு' கொள் என்னும் வினையினின்றும், 'இருந்து' இரு என்பதினின்றும், 'உடைய' உடை என்பதினின்றும் பிறந்தமை வெளிப்படை. நீதிமன்றத்தில் ரூக்கை வீழ்த்திய அவ்விரு சொற்களுக்கும் நாம் இங்கு தந்த 'குறித்து', 'பற்றி' என்னும் ஈடுகளும் வினையெச்சங்களே. குறித்தவர் யார், பற்றியவர் யார் என்ற வினா தமிழ்த் தொடருக்குள்ளேயே உறைகின்றது. இவ்வொளிவுமறைவின்மை தமிழின் தெய்வீகச் சிறப்பென்று எவரும் பெருமை கொள்ளவேண்டியதில்லை. 'ஆல்', 'ஓடு' போன்ற உருபுகளின் மூலம் நமக்கும் எளிதிற் புலப்படுவதில்லை. எமது அலுவலக அறிவித்தல்களும் 'மேற்கொள்ளப்பட்டுள்ளது' என்று வினைமுதலை ஒளிப்பதில் எவருக்கும் இளைத்தவையல்ல.

ரூக்கின் அடிப்படைத் தவறு வேறிடத்தில் உள்ளது. சொல்லின் பிறப்பே அதன் உண்மைப் பொருள் என்று அவர் நம்பினார். பிறப்பை நிறுவினால் வழக்கில் வெல்லலாம் என்பது போல வாதிட்டார். சொல்லின் பொருள் பேசுவோர் உறவில் உருவாவது. சொல் வர்க்கங்கள் மோதும் களம் என்று 1929இல் வொலோஷினொவ் விளக்கியதை இவ்விடத்தில் நினைவுகூரலாம். மொழி ஒரு வர்க்கத்தின் தனியுடைமையன்று என்று 1950இல் மார் கொள்கையை மறுத்து ஸ்ராலின் எழுதியதும் ஏற்கத்தக்கதே. எனினும் மொழி பொதுவாய் இருக்க, அதன்மீது விதிக்கப்படும் 'சரி', 'பிழை' என்பன பொதுவாய் இருப்பதில்லை. 1793இல் வாக்குரிமைச் சீர்திருத்தங் கோரி ஷெஃபீல்ட் மக்கள் அனுப்பிய மனுவைப் பொதுமக்கள் சபை ஏற்க மறுத்தது. காட்டிய காரணம் அதன் மொழி மரியாதையற்றது என்பதே.

நூல் யாரைச் சென்றடைந்தது என்பதும் கேட்கப்படவேண்டியது. கொதிக், பழைய ஆங்கிலம் முதலியவற்றின் சான்றுகள் நிறைந்த அவ்வுரையாடல் நூல் கற்றோரின் விவாதப் பொருளாயிற்று. உழவரையும் படைவீரரையும் கப்பலோட்டிகளையும் தொழில் பயிலும் சிறுவரையும் பெயர்கூறி விளித்து எழுதப்பட்ட இலக்கணம் வில்லியம் கொபெற்றுடையது. 1818இல் நியூயோர்க்கிலும் அடுத்த ஆண்டு இலண்டனிலும் வெளிவந்தது. இணைப்புச் சொற்களின் மூலத்தை அவர் ஆராயவில்லை. விதிகளிற் பெரும்பாலும் பழைய மரபையே தழுவினார். சாதாரணப் படைவீரனாக இருந்த காலத்தில் பேராயர் லௌத்தின் இலக்கணத்தைக் கையால் எழுதிப் பிரதிசெய்து, காவற்பணியில் நின்றபடி முழுவதையும் மனனமாக ஒப்புவித்தவர் அவர். 1823ஆம் ஆண்டுப் பதிப்பிலே அரசாங்க மந்திரிமாருக்கென ஆறு பாடங்களைச் சேர்த்து, அவர்தம் உரைகளிலும் கடிதங்களிலும் காணப்பட்ட இலக்கணப் பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருத்திக் காட்டினார்.