திறந்த உலகும் தெரிவுப் பிரச்சினையும்

வீடியோ விளையாட்டுக்களுள் ‘திறந்த உலகம்’ எனப்படும் வகை இன்று தனக்கென மரபும் இலக்கணமும் கொண்டு வளர்ந்துள்ளது. பரந்த நிலப்பரப்பொன்றில் விளையாடுபவர் தாம் விரும்பிய திசையிற் சென்று, விரும்பிய வரிசையிற் செயற்படலாம் என்பதே அதன் அடிப்படை இயல்பாகும். இவற்றுட் பல ஐம்பது மணித்தியாலங்களையும் அதற்கு மேலும் வேண்டி நிற்பவை. ஆகவே, அடுத்து எதனை வாங்குவது என்னும் வினா பணத்தை மட்டுமன்றி வாழ்நாளின் ஒரு பகுதியையும் பற்றியதாகும். இவ்வினாவுக்குப் பெரும்பாலும் விளம்பரங்களே விடையளித்து வருகின்றன. திறனாய்வு விடையளிக்க வேண்டிய இடமும் இதுவே.

விளம்பரங்கள் விரும்பும் அளவுகோல் பரப்பாகும். இதன் பொருந்தாமையை இவ்வகையின் வரலாறே காட்டுகின்றது. 1984 இல் டேவிட் பிரேபன், இயன் பெல் ஆகிய இருவரும் ஆக்கிய ‘எலைட்’, 32 கிலோபைற்று நினைவகமே கொண்ட பிபிசி மைக்ரோ கணினியில், எட்டு விண்மீன் மண்டலங்களை, ஒவ்வொன்றிலும் 256 உலகங்களுடன் தோற்றுவித்தது. 1996 இல் வெளிவந்த ‘டாகர்ஃபால்’ பெரிய பிரித்தானியாவின் பரப்போடு ஒப்பிட்டுப் பேசப்பட்டது. அதன் நிலத்திற் பெரும்பகுதி கணினியே வகுத்தமைத்ததாகும். பரப்பைக் கணிதத்தாற் பெருக்கலாம். அனுபவத்தை அவ்வாறு பெருக்க இயலாது.

எனின், தகுந்த அளவுகோல் யாது? நிலத்துக்கும் மனித ஒழுக்கத்துக்குமுள்ள உறவைத் தமிழ்ச் செய்யுளியல் மரபு முதல், கரு, உரி என வகுத்து ஆராய்ந்துள்ளது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய உயிர்களும் தொழில்களும் பிறவும் கருப்பொருள். அங்கு நிகழும் ஒழுக்கம் உரிப்பொருள். இவற்றுள் உரிப்பொருளே தலையாயது. திறந்த உலக விளையாட்டுக்களுட் பல முதலையும் கருவையும் குவித்துவைத்து உரிப்பொருளை மறந்துவிடுகின்றன என்பதே இங்கு கவனிக்க வேண்டிய குறைபாடாகும்.

யுபிசொஃப்ட் நிறுவனத்தின் ‘அசாசின்ஸ் கிரீட்’ வரிசை இதற்குத் தக்க சான்றாகும். 2007 இல் வெளிவந்த முதல் ஆக்கத்திலேயே, உயர்ந்த கோபுரமொன்றில் ஏறினால் சுற்றுப்புறப் படம் குறியீடுகளுடன் விரியும் முறை அமைந்திருந்தது. பின்னர் பலரும் பின்பற்றிய இம்முறையில் நிலம் பணிகளின் பட்டியலாகச் சுருங்கிவிடுகின்றது. பெலொப்பொனேசியப் போர்க்காலக் கிரேக்கத்தைச் சித்திரிக்கும் ‘ஒடிசி’ (2018) இன்னொரு முரண்பாட்டையும் வெளிப்படுத்திற்று. அதன் நீண்ட பயணத்தை விரைவுபடுத்தும் வசதி தனிப் பணத்துக்கு விற்கப்பட்டது. நீளத்தைச் சிறப்பெனக் கூறி விற்போரே, அந்நீளத்தைக் குறைக்கும் வழியையும் விற்கும்போது, அந்நீளம் யாருடைய தேவையை நிறைவேற்றுகின்றது என்பது தெளிவாகின்றது.

‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ (2018) வேறு வகையான சிக்கலைக் கொண்டது. 1899 ஆம் ஆண்டின் ஐக்கிய அமெரிக்காவை அது நுணுக்கமாகப் படைத்துள்ளது. காசநோயால் மெலிந்துவரும் ஆர்தர் மோர்கன் உள்ளத்தைத் தொடும் பாத்திரம். ஆயினும், கதைப்பணி தொடங்கியதும் குறித்த வழியிலிருந்து சிறிது விலகினாலே தோல்வி அறிவிக்கப்படுகின்றது. சட்டம் நெருங்கிவரும் காலத்துக் கொள்ளையரின் முடக்கத்தை இது உணர்த்துகின்றதென வாதிடலாம். ஆனால் விளையாடுபவர் உணர்வது வரலாற்றின் நெருக்கடியையன்று, அமைப்பாளரின் நெருக்கடியையே. நிலம் திறந்திருக்க, ஒழுக்கம் மூடப்பட்டுள்ளது.

நிலமும் ஒழுக்கமும் இணைவதை நின்டெண்டோவின் ‘பிரெத் ஒவ் த வைல்ட்’ (2017) காட்டுகின்றது. அங்கு கண்ணிற்படும் மலைகளிற் பெரும்பாலானவற்றில் ஏறலாம். மழை பெய்தால் பாறை வழுக்கும். உலோக ஆயுதங்கள் மின்னலை ஈர்க்கும். பொழுதும் நிலமுமே செயலைத் தீர்மானிக்கின்றன. எனினும், மனித உறவுகள் அங்கு மெலிந்தே காணப்படுகின்றன.

அக்குறையைப் போலந்து நாட்டு ஆக்கமான ‘த விட்சர் 3’ (2015) நிரப்புகின்றது. போரால் நலிந்த வெலன் சதுப்புநிலத்தில், மனைவியையும் மகளையும் இழந்த ‘பரன்’ ஒருவனின் கதை நிகழ்கின்றது. அவனது குடியும் கொடுமையுமே அவ்விழப்புக்குக் காரணம். மரமொன்றினுள் அடைபட்ட ஆவியை விடுவிப்பதா, அழிப்பதா என்ற தெரிவு அக்குடும்பத்தின் முடிவையும் அனாதைச் சிறுவரின் கதியையும் மாற்றுகின்றது. விளைவை முன்னறியாமலே தெரிவு செய்ய வேண்டியுள்ளது. ஸ்கெலிகே கடலில் இறைக்கப்பட்ட வினாக்குறிகள் பழைய பட்டியல் நோயின் எச்சமே. அவற்றைப் புறக்கணிப்பதால் எவ்விழப்பும் இல்லை.

‘பிரெத் ஒவ் த வைல்ட்’ நின்டெண்டோவின் கருவிகளில் மட்டுமே இயங்குவது. அக்கருவி ஏற்கெனவே உடையவர் அதனைத் தெரிவதில் தவறில்லை. ஏனையோருக்கு, கணினியிலும் பிற கருவிகளிலும் கிடைக்கும் ‘த விட்சர் 3’ உகந்த தெரிவாகும். இப்பெயர்களினும் முக்கியமானது அளவுகோலே. இவ்வுலகம் எவ்வளவு பெரியது என்று கேட்பவர் விற்பவரின் வினாவையே திருப்பிக் கேட்கின்றார். இந்நிலத்தில் என்ன ஒழுக்கம் நிகழ்கின்றது என்று கேட்பவரே தமது பணத்துக்கும் காலத்துக்கும் உரிய விலையைக் கோருகின்றார்.