பங்கு மருத்துவரும் மைப்புட்டியும்

சார்லஸ் டிக்கன்ஸின் 'ஆலிவர் டுவிஸ்ட்' (1837–39) புதினத்தின் ஐந்தாம் இயலில், நோயுற்ற ஏழைப் பெண்ணொருத்தியைப் பார்க்கப் பங்கு மருத்துவரை அனுப்புமாறு வேண்டுகின்றனர். மருத்துவர் உணவருந்த வெளியே சென்றுவிட்டார்; அவரிடம் தொழில் பயிலும் சிறுவன் காலணி மை இருந்த புட்டியில் மருந்தை அனுப்பிவைக்கிறான். கணவன் அதனை மறுத்துவிட, பங்குச் சேவகர் பம்பிள் சினங்கொள்கிறார்.

இக்காட்சியை மருத்துவரின் அலட்சியத்தைச் சாடும் அங்கதமாகவே வாசித்து வந்துள்ளோம். வகுப்பில் நானும் அவ்வாறே கற்பித்ததுண்டு. அவ்வாசிப்புப் போதாது. 1834ஆம் ஆண்டு ஏழையர் சட்டத் திருத்தத்தின்பின், இங்கிலாந்தில் பங்குகள் ஒன்றியங்களாக இணைக்கப்பட்டன. பல இடங்களில் மருத்துவப் பணி, ஒப்பந்தப்புள்ளி வழியே, குறைந்த தொகை கேட்டவருக்குப் போயிற்று. மருந்துச் செலவையும் அவ்வூதியத்திலிருந்தே அவர் பெரும்பாலும் ஏற்க வேண்டியிருந்தது. ஆகவே ஒவ்வொரு நோயாளியும் அவருக்கு இழப்பே. கதை நிகழ்வது சிறுநகரில். நாட்டுப்புறப் பங்குகளிலோ தொலைவும் சேர்ந்துகொண்டது. 1842ஆம் ஆண்டு ஆணை ஒப்பந்தப்புள்ளி முறையை நீக்கியது. எனினும் ஒரு மருத்துவரின் எல்லைக்கு அது விதித்த உச்சவரம்பு 15,000 ஏக்கர்! அவரை அழைப்பதற்குரிய சீட்டோ, மருத்துவம் அறியாத நிவாரண அலுவலரின் கையில் இருந்தது.

டிக்கன்ஸ் பம்பிளைக் கூர்ந்து கண்டார். மருத்துவரின் ஒப்பந்தத்தைக் காணவில்லை. அங்கதம் ஆளை நோக்கியே பாய்கிறது. மைப்புட்டி ஒன்றே விலக்கு: புட்டிக்கும் பணம் ஒதுக்காத கணக்கு அதில் தெரிகிறது.