ஒத்திகைக் காலத்திற்குப் புரவலர் யார்?

வாடிப்பட்டி என்றதும் மதுரை வட்டாரத்தார்க்கு முதலில் நினைவுக்கு வருவது மேளமே. ஊர்ப்பெயரையே தம் பெயராகக் கொண்ட அம்மேளக் குழுக்கள் அழைத்த ஊர்களுக்கெல்லாம் செல்கின்றன. முன்பணம் பெற்றுப் பயணம் போகும் கலை இம்மண்ணுக்குப் புதிதன்று. அப்பணம் எதன் பொருட்டுத் தரப்படுகிறது என்பதே நாம் கேட்க விரும்பும் வினா.

மதுரையின் ஸ்பெஷல் நாடகத்தை எடுத்துக்கொள்வோம். திருவிழாக் குழுவினர் நடிகர்களைத் தனித்தனியே ஒப்பந்தம் செய்கின்றனர். ராஜபார்ட் ஓரூரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறோரூரிலிருந்தும் வந்து, அன்றிரவு மேடையிலேயே சந்திக்கின்றனர். இயக்குநர் இல்லை, ஒத்திகை இல்லை. ஆயினும் சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) வள்ளி திருமணம் விடியுமட்டும் தடையின்றி நடக்கிறது. இது வியந்து போற்றத்தக்க திறமை என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும், ஊரார் தரும் பணம் அவ்வோர் இரவுக்கான கூலி மட்டுமே. எல்லாரும் அறிந்த நாடகத்திற்கு அது போதும். எழுதப்படாத நாடகத்திற்கு அதில் இடமில்லை.

அரசு சார்ந்த முயற்சியும் நிகழ்ந்தது. சங்கீத நாடக அகாதெமி 1984 முதல் சில ஆண்டுகள், மரபுக் கலைகளைத் தழுவிப் புது நாடகம் படைக்கும் இளம் இயக்குநர்களுக்கு உதவியது. மதுரையிலேயே 1978இல் மு. இராமசாமி தொடங்கிய நிஜ நாடக இயக்கம் செயல்பட்டு வந்த காலம் அது. கிரேக்க நாடகமான ஆண்டிகனி, துர்க்கிர அவலமாகத் தமிழுக்கு வந்ததும் அவ்வியக்கத்தால்தான். அகாதெமியின் உதவி ஒத்திகைக்கு வழி செய்தது உண்மை. ஆனால் அதன் கண் விழா மேடையிலேயே நிலைத்திருந்தது என்பது நம் கருத்து. விழா முடிந்தபின் அந்நாடகங்கள் வாடிப்பட்டி போன்ற ஊர்களின் பொட்டலுக்கு வந்துசேர வேண்டுமே, அதற்கான வண்டிச் சத்தத்தை எவரும் கணக்கில் எழுதவில்லை. தவிர, மரபைத் தழுவ வேண்டும் என்று முன்கூட்டியே விதித்தது, ஆடுவதற்கு முன்பே காலைக் கட்டியது போலாயிற்று.

படைக்கும் காலத்தைப் போற்றிய புரவலர்கள் நம்மிடையே இருந்தனர். உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடக் காரணமானவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி என்பது மரபு. நூல் நிறைவுறுமுன் வள்ளல் மறைந்தார். அதன்பின் புலவரைத் தாங்கியவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். இவ்விருவரும் ஓரிரவுக்குக் கூலி தந்தவர்கள் அல்லர். 5027 செய்யுட்கள் உருவாகும்வரை புலவரின் அடுப்பு அணையாமல் காத்தவர்கள்.

அவ்வள்ளலே கதைமாந்தராக வரும் சீதக்காதி நொண்டி நாடகமும் நம்மிடம் உண்டு. திருடிக் கால் இழந்த ஒருவன், வள்ளலின் உதவியால் மக்கா சென்று நலம் பெறும் கதை. ஒற்றை நடிகன் ஒற்றைக்காலில் ஆடித் தன் கதையைத் தானே சொல்வது நொண்டி நாடக மரபு; ஊர் ஊராகக் கொண்டு செல்ல இதனினும் எளியது வேறில்லை. அதனைப் புதுக்கி ஆட இன்று ஓர் இளைஞர் முன்வந்தால், அரங்கேற்ற இரவின் செலவை ஏற்க நம் செல்வர்கள் பலர் இருப்பர், மேடையில் பொன்னாடையும் போர்த்துவர். ஒற்றைக்காலில் நின்று பழக அவருக்கு வேண்டும் ஆறு மாதங்களுக்கு யார் பொறுப்பேற்பார்?