அறுபது மணி நேர ஒலிநாடா: சீனக் குடும்பச் சாட்சியங்களும் லண்டனில் எழுந்த வழக்குகளும்

சீனப் பண்பாட்டுப் புரட்சியில் (1966–76) சிதைந்த குடும்பங்களின் நினைவுகள் சீனாவுக்கு வெளியே எழுதப்பட்டு, அச்சாகி, சர்ச்சைக்குள்ளான நகரங்களில் லண்டன் முக்கியமானது. நவீன சீனாவைப் பற்றிய ஆய்விதழான ‘சைனா குவார்ட்டர்லி’ 1960இல் இங்கே தொடங்கியது. சோவாஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் கீழைத்தேய, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியும் லண்டன் பொருளியல் பள்ளியும் சீனத்திலிருந்து வந்த எழுத்தாளர்களுக்கும் அறிஞர்களுக்கும் இடம் கொடுத்தன. இந்தத் துறையின் சண்டைகளில் துன்பம் நடந்ததா என்ற கேள்வி எழுவது அபூர்வம். யார் செய்தார்கள், யாருக்குச் சொல்ல உரிமை, ஒரு வீட்டின் கதை எதுவரை நாட்டின் வரலாறாகும் என்பவற்றில்தான் மோதல்.

முன்னோடி நூல்களில் ஒன்று, நியென் செங் எழுதிய ‘ஷாங்ஹாயில் வாழ்வும் சாவும்’. 1930களில் லண்டன் பொருளியல் பள்ளியில் படித்த இவர், ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் ஷாங்ஹாய் அலுவலகத்தில் பணியாற்றியவர். 1966 ஆகஸ்டில், மாவோவின் இளைஞர் படையினரான செங்காவலர்கள் அவர் வீட்டைச் சூறையாடினர். அடுத்த மாதமே பிரிட்டிஷ் உளவாளி என்ற குற்றச்சாட்டில் சிறை. ஆறரை ஆண்டு தனிச்சிறையிலும் பொய் வாக்குமூலம் கொடுக்க மறுத்தார். 1973இல் வெளியே வந்தபோது மகள் மெய்பிங் உயிரோடு இல்லை. மாடியிலிருந்து குதித்துத் தற்கொலை செய்துகொண்டதாக அதிகாரிகள் சொன்னார்கள். தாய் தானே மறைவாக விசாரித்தார். மகளை அடித்தே கொன்றிருக்கிறார்கள் என்பதைக் கண்டறிந்தார். சிறைக் கொடுமைகளைச் சொல்லும் பக்கங்களைவிட இந்த விசாரணைப் பகுதிதான் இன்றைய ஆய்வாளருக்கு அதிகம் உதவும். அரசின் கூற்றைச் சந்தேகித்து, இடத்தையும் ஆளையும் தேடிப்போய்ச் சரிபார்த்த குடும்பச் சாட்சியம் அது.

1991இல் வெளிவந்த யுங் சாங்கின் ‘காட்டு அன்னங்கள்’ இந்த வகையை உலகெங்கும் கொண்டு சேர்த்தது. 1978இல் உதவித்தொகையில் பிரிட்டன் வந்து, 1982இல் யார்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். மக்கள் சீனக் குடியரசிலிருந்து வந்து பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தில் அந்தப் பட்டம் வாங்கிய முதல் ஆள். 1988இல் மகளைப் பார்க்க லண்டன் வந்த தாய், பல மாதங்கள் தங்கி, சுமார் 60 மணி நேர ஒலிநாடாவில் தன் கதையையும் தன் தாயின் கதையையும் சொல்லிவிட்டுப் போனார். போர்த்தளபதி ஒருவருக்கு ஆசைநாயகியாக ஒப்படைக்கப்பட்ட, பாதம் கட்டப்பட்ட பாட்டி. கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமறைவு இயக்கத்தில் சேர்ந்த தாய். 14 வயதில் சில நாள் செங்காவலராக இருந்த மகள் என்று மூன்று தலைமுறை. ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற இந்த நூலுக்குச் சீனப் பெருநிலப்பரப்பில் இன்றும் அனுமதி இல்லை.

இந்த நூலின் வலிமை எங்கே என்பதற்கு ஒரு காட்சி போதும். உள்நாட்டுப் போரின் கடைசிக் கட்டத்தில் யுங் சாங்கின் பெற்றோர் தெற்கே நெடுந்தூரம் பயணப்படுகிறார்கள். கட்சிப் பதவி காரணமாகக் கணவருக்கு ஜீப்பில் இடம் உண்டு. மனைவியின் தகுதிக்கு அந்தச் சலுகை இல்லை. படுக்கை மூட்டையைச் சுமந்து நடக்கிறார். விதியை மீறி மனைவியை ஏற்றிக்கொள்வது ஒழுக்கக்கேடு என்று கணவர் கருதுகிறார். கர்ப்பிணியான மனைவிக்குக் கரு கலைகிறது. எந்தக் கட்சிக் கோப்பிலும் இது பதிவாக வழியில்லை. அதே நேர்மையோடு அந்தக் கணவர் பின்னாளில் மாவோவுக்கே கண்டனக் கடிதம் எழுதி, கைதாகி, மனநலம் குலைந்து, 1975இல் இறந்தார். ஒரு நேர்மையாளரைக் கட்சி எப்படி உருவாக்கி எப்படி உடைத்தது என்பதை வீட்டுக்குள்ளிருந்து மட்டுமே இப்படிப் பார்க்க முடியும்.

அதே எழுத்தாளர், கணவர் ஜான் ஹாலிடேயுடன் சேர்ந்து 2005இல் வெளியிட்ட ‘மாவோ: அறியப்படாத கதை’ வேறு விதியைச் சந்தித்தது. அமைதிக் காலத்தில் 7 கோடிக்கும் மேற்பட்டோரின் சாவுக்கு மாவோ பொறுப்பு என்ற அறிவிப்போடு நூல் தொடங்குகிறது. விற்பனை பிரமாதம், அறிஞர்களிடம் கடும் எதிர்ப்பு. பல சான்றுகளைப் பிறர் சரிபார்க்க வழியில்லை என்று ‘லண்டன் ரிவ்யூ ஆஃப் புக்ஸ்’ இதழில் ஆண்ட்ரூ நேதன் எழுதினார். 1935இல் கம்யூனிஸ்ட்டுகளின் நெடும்பயணப் படை லுடிங் பாலத்தைக் கடந்தபோது போரே நடக்கவில்லை என்று நூல் சாதிக்கிறது. அதற்கு முக்கிய ஆதாரம் 1997இல் பேட்டி கண்ட, 93 வயதான உள்ளூர் மூதாட்டி. அடுத்த ஆண்டே சுன் ஷுயுன் தன் ‘நெடும்பயணம்’ நூலில் அதே ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கொண்டு, சிறிய அளவில் சண்டை நடந்தது உண்மை என்று எழுதினார். தாய் தன் வாழ்வைச் சொன்னபோது எவரும் கேட்காத ‘ஆதாரம் என்ன?’ என்ற கேள்வியை, ஒரு முதியவரின் நினைவைக்கொண்டு போர் வரலாற்றை மாற்றி எழுதியபோது எல்லோரும் கேட்டார்கள். அதில் தவறேதும் இல்லை.

கிரெகர் பென்டனும் லண்டன் பொருளியல் பள்ளியின் லின் சுன்னும் தொகுத்த ‘மாவோ உண்மையில் அரக்கரா?’ அந்த எதிர்ப்புக் கட்டுரைகளை ஒரே நூலாக்கியது. காவ் மோபோ இன்னும் ஒரு படி மேலே போனார். ஜியாங்சி மாநிலக் கிராமத்தில் பிறந்த அவர், 2008இல் லண்டனில் வெளியான தன் நூலில், நினைவுக்குறிப்பு எழுதுபவர்கள் பெரும்பாலும் நகரத்து உயர்குடியினர், கிராமத்தார் பண்பாட்டுப் புரட்சியின் பத்தாண்டைப் பள்ளிக்கூடமும் மருத்துவமும் வந்த காலமாகவும் நினைக்கிறார்கள் என்று வாதிட்டார். இதில் பாதி நியாயம் உண்டு. யுங் சாங்கின் பெற்றோர் அதிகாரிகள்; சமையலாளும் காரும் கண்ட வீடு. ஆனால் சொல்பவரின் வர்க்கம் தெரிந்துவிட்டதால் சொன்ன செய்தி பொய்யாகிவிடாது.

கிராமத்திலிருந்தே வந்த மறுமொழி யாங் ஜிஷெங்கின் ‘கல்லறைக்கல்’. ஹாங்காங்கில் 2008இலும், லண்டனில் ஆங்கிலத்தில் 2012இலும் வந்தது. 1959 ஏப்ரலில், ஹூபெய் மாநிலத்தில் பள்ளி மாணவராக இருந்த யாங், தந்தை பட்டினியால் சாகக் கிடக்கும் தகவல் வந்து அரிசியோடு ஊருக்கு ஓடினார். தந்தையால் விழுங்கவும் முடியவில்லை. சில நாளில் இறந்தார். மகன் அரசைக் குறை சொல்லவில்லை. தன் வீட்டுக்கு நேர்ந்த தனிக் கேடு என்றே நினைத்து, பள்ளிக்குத் திரும்பி, மாபெரும் பாய்ச்சல் என்ற அரசின் பொருளாதாரத் திட்டத்தைப் புகழ்ந்து எழுதிக்கொண்டிருந்தார். பல ஆண்டுகள் கழித்துத்தான் அந்த ஒரு மாநிலத்திலேயே லட்சக்கணக்கானோர் செத்தது தெரியவந்தது. ஷின்ஹுவா செய்தி நிறுவனத்தின் நிருபர் என்ற அடையாளத்தோடு மாநில ஆவணக்காப்பகங்களுக்குள் நுழைந்து, பஞ்சச் சாவு 3.6 கோடி என்று கணக்கிட்டார். சோவாஸில் பல ஆண்டு பணியாற்றிய ஃபிராங்க் டிக்கோட்டர் 2010இல் சொன்ன எண்ணிக்கை குறைந்தது 4.5 கோடி. கண்ணெதிரே தந்தை பட்டினியால் செத்தும் மகனுக்குப் பஞ்சம் தெரியவில்லை என்பது, குடும்பச் சாட்சியத்தை அளவுக்கு மேல் நம்புவோரும் அளவுக்கு மேல் சந்தேகிப்போரும் கவனிக்க வேண்டிய செய்தி.

நினைவைச் சொல்லும் முறையையே கட்சி கற்றுக்கொடுத்திருந்தது என்பதும் சிக்கலைக் கூட்டுகிறது. நிலச் சீர்திருத்தக் காலத்தில், பண்ணையாரிடம் பட்ட பாட்டை ஊர்க்கூட்டத்தில் அழுது சொல்ல விவசாயிகள் பழக்கப்படுத்தப்பட்டார்கள். 1960களில் பழைய காலத்துக் கஷ்டங்களைச் சொல்லச் சொன்னால் சிலர் அண்மைப் பஞ்சத்தைச் சொல்லி அமைப்பாளர்களைத் திணறடித்தார்கள். லண்டனில் குடியேறிய முன்னாள் வானொலி அறிவிப்பாளர் சின்ரான், 2008இல் வெளியிட்ட ‘சீனச் சாட்சி’ நூலுக்காக முதியவர்களைச் சந்தித்தபோது எதிர்கொண்டதோ மௌனத்தை. பிள்ளைகளிடம்கூட அவர்கள் பேசியிருக்கவில்லை.

மிகக் கசப்பான வழக்கு பியன் சொங்யுன் கொலை. பெய்ஜிங்கின் பெயர்பெற்ற பெண்கள் பள்ளியின் துணைத் தலைமையாசிரியை, 50 வயது, நான்கு பிள்ளைகளின் தாய். 1966 ஆகஸ்ட் 5 அன்று அவருடைய மாணவிகளே அவரை அடித்துக் கொன்றனர். கணவர் வாங் ஜிங்யாவ் மறுநாள் ஒரு கேமரா வாங்கி, காயங்களோடு கிடந்த உடலைப் படமெடுத்தார். இரத்தக்கறை படிந்த உடைகளைப் பல பத்தாண்டுகள் பெட்டியில் பாதுகாத்தார். வாயால் சொன்னால் எடுபடாது என்பதை முதல் நாளிலேயே உணர்ந்தவர் அவர். அதே பள்ளியின் மாணவி சோங் பின்பின் அந்த ஆகஸ்ட் 18 அன்று தியானன்மென் மேடையில் மாவோவின் கையில் செங்காவலர் பட்டையைக் கட்டிய படம் நாடெங்கும் பரவியது.

2014 ஜனவரியில் சோங் பழைய பள்ளிக்குச் சென்று, ஆசிரியர்களைக் காக்கத் தவறியதற்காகக் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டார். வாங் அதைப் போலி என்று நிராகரித்தார்: அடித்தவர்கள் யார் என்று சொல்லாத மன்னிப்பு அவருக்கு மன்னிப்பாகவே படவில்லை. அந்தப் பள்ளியில் படித்த இரண்டு அறிஞர்களும் எதிரெதிராக நிற்கிறார்கள். பலியானவர்களின் விவரங்களைப் பல்லாண்டு திரட்டிய வாங் யூச்சின், செங்காவலர் தலைவிகளின் பொறுப்பை வலியுறுத்துகிறார். யே வெய்லி, சோங் கொலையில் நேரடியாகப் பங்கேற்றதற்குச் சான்றில்லை என்கிறார். ‘கார்டியன்’ நிருபராகப் பெய்ஜிங்கில் இருந்த தான்யா பிரானிகன், 2023இல் லண்டனில் வெளியிட்ட ‘செந்நினைவு’ நூலில் இரு தரப்பையும் அருகருகே வைக்கிறார். தாக்கியவர்களின் குடும்பங்கள் இன்னும் வாய்திறக்காத நிலையில் இதற்கு மேல் செல்ல வழியில்லை.

குடும்பம் எப்போதும் அரசுக்கு எதிர்ப்பக்கமே நிற்கும் என்றும் எண்ண வேண்டியதில்லை. 1941இல் ஜப்பானியரிடம் சிக்காமல் மலையிலிருந்து குதித்ததாகப் போற்றப்படும் ‘லாங்யா மலையின் ஐந்து வீரர்கள்’ கதையின் விவரங்களைக் கேள்விகேட்டார் வரலாற்றாசிரியர் ஹோங் ஜென்குவாய். உயிர்பிழைத்த இருவரின் மகன்கள் வழக்குப் போட்டார்கள். 2016இல் நீதிமன்றம் அவரை மன்னிப்புக் கேட்கச் சொன்னது. 2018இல் வீரர், தியாகியர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2021இல் அவர்களை இழிவுபடுத்துவது மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றமாயிற்று.

லண்டனில் இத்தகைய குடும்பச் சாட்சியங்கள் 2021இல் ஒரு மன்றத்தையே கண்டன. வியட்நாம் போர் குறித்த ரஸ்ஸல் தீர்ப்பாயம், இலங்கை குறித்து 2010இல் டப்ளினில் கூடிய மக்கள் தீர்ப்பாயம் ஆகியவற்றின் வழியில், அரசு அதிகாரம் எதுவுமில்லாத உய்குர் தீர்ப்பாயம் வழக்கறிஞர் ஜெஃப்ரி நைஸ் தலைமையில் 2021 ஜூனிலும் செப்டம்பரிலும் வெஸ்ட்மின்ஸ்டரின் சர்ச் ஹவுஸில் சாட்சிகளை விசாரித்தது. உய்குர் முஸ்லிம்களை அடைத்த ஷின்ஜியாங் முகாம்களில் இருந்தவர்களும் உறவினரைத் தொலைத்தவர்களும் பேசினார்கள். பெய்ஜிங் நைஸ் மீது ஏற்கெனவே தடை விதித்திருந்தது. சாட்சிகளின் சொந்தக்காரர்களைப் பத்திரிகையாளர் கூட்டங்களிலும் காணொளிகளிலும் தோன்றவைத்து, சாட்சிகள் பொய்யர்கள் என்று சொல்லவைத்தது. அண்ணன் சொன்னதைத் தங்கை மறுக்கும் அந்தக் காணொளிகளில், யார் நிர்ப்பந்தத்தில் பேசுகிறார்கள் என்பதைப் பேச்சை மட்டும் வைத்து நிறுவ இயலாது. டிசம்பர் 9 அன்று வந்த தீர்ப்பு, சித்திரவதையும் மானுடத்துக்கு எதிரான குற்றங்களும் நடந்தன என்றது. பிறப்பைத் தடுக்கும் நடவடிக்கைகளைக் கொண்டு இனப்படுகொலை என்ற முடிவுக்கு வந்தது. அதற்குப் பெண்களின் சாட்சியங்களோடு சீன அரசின் சொந்தப் பிறப்பு விகிதக் கணக்குகளும் துணைநின்றன. கூட்டம் கூட்டமாகக் கொலை நடந்தது என்பதற்குச் சான்று இல்லை என்றும் அதே தீர்ப்பு பதிவு செய்தது.