கரண்டும் படிக்கட்டும்

‘இடுப்பு வலி’ என்று சொன்னால் கேட்பவர் பார்வை நம் முதுகின் அடிப்பகுதிக்குத்தான் போகும். அரைஞாண் கட்டும் இடம்தானே நமக்கு இடுப்பு. எனக்கு வலித்ததோ பேன்ட் பாக்கெட் பக்கம், தொடை எலும்பின் மேல்முனை வெளியே துருத்திக்கொண்டிருக்கும் முண்டில். வெள்ளியங்கிரியில் ஏழு மலையும் ஏறிவிட்டுத் திரும்புகையில், முதல் மலைப் படிகளில் சறுக்கி அந்தப் பக்கமாகவே விழுந்திருந்தேன். மருத்துவமனையில் ‘இடுப்பு’ என்றேன். முதுகெலும்புக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் ஒன்றுமில்லை. மூன்று வாரம் அதிலேயே போயிற்று.

பிறகுதான் பிசியோதெரபி. பிட்டத்துத் தசையை அந்த முண்டோடு பிணைக்கும் தசைநாண் புண்பட்டிருக்கிறதாம். பத்து சிட்டிங். போனதும் படுக்கவைத்து ‘கரண்ட்’ வைப்பார்கள். எறும்பு ஊர்வதுபோல ஒரு குறுகுறுப்பு, பதினைந்து நிமிடம். அடுத்து வெந்நீர்ப் பை. கிளம்பும் நேரத்தில் அவசரமாக இரண்டு பயிற்சி, கையில் ஒரு ஜெராக்ஸ் தாள்.

எது முக்கியமோ அது கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளப்படுவதுதான் இந்த வைத்தியத்தின் பெரிய குறை. இதே வலி உள்ள 204 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு ஒன்று 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. பயிற்சியும், எப்படி நிற்பது உட்காருவது என்ற விளக்கமும் பெற்றவர்களில் சுமார் 77 விழுக்காட்டினர் எட்டு வாரத்தில் நன்றாகத் தேறியதாகச் சொன்னார்கள். ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் சுமார் 58, பொறுத்திருந்து பார்த்தவர்களில் சுமார் 29. முதல் பிரிவுக்கு யாரும் கரண்ட் வைக்கவில்லை. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது: ஒரு வருடம் போனபின் பார்த்தால், பொறுத்திருந்தவர்களிலும் பாதிப்பேர் தேறியிருந்தார்கள். பிசியோவுக்குப் போடும் கும்பிடில் கொஞ்சம் காலத்துக்கும் சேரும்.

ஜெராக்ஸ் தாளுக்கு வருகிறேன். அதில் நான்காவது படம், காலை உடம்புக்குக் குறுக்கே இழுத்துப் பிடிப்பது. அதைச் செய்த இரவுகளில் தூக்கமில்லை. கால் குறுக்கே போகும்போது அந்தத் தசைநாண் முண்டின் மேல் அழுந்துகிறது. கால்மேல் கால் போடாதே, ஒரு காலில் சாய்ந்து நிற்காதே என்று சொல்வதும் இதனால்தான். வாயால் விலக்கியதைத் தாளில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். இடுப்பு மூட்டுக்காரர் எல்லாருக்கும் அதே தாள். குத்தவைத்து எழுவதற்கும், பந்தியில் சம்மணம் போடுவதற்கும் அதில் படமே இல்லை.

இதே துறையின் பலத்தை நான் பார்த்தது வேறொரு பிசியோவிடம். மெஷின் பக்கமே போகாமல் அந்த அம்மா என்னைக் கண்ணாடி முன் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். வலிக்கிற காலில் நின்றால் மறுபக்கத்து இடுப்பு தொங்கியது. ஜெர்மானிய அறுவை மருத்துவர் டிரெண்டலன்பர்க் 1895இல் விவரித்த அடையாளம். இன்றும் காசு செலவில்லாத சோதனை. ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மூட்டின் மேல் உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான சுமை ஏறுகிறது, அந்தப் பக்கத் தசை இழுத்துப் பிடிப்பதால். கம்பை எதிர்க்கையில் ஊன்றினால் தசைக்கு வேலை குறையும். நானோ பூண்டி அடிவாரத்தில் வாங்கிய மூங்கில் கம்பை வலிக்கிற பக்கமே ஊன்றி நொண்டிக்கொண்டிருந்தேன்.

“முதல்ல பார்த்த இடத்துல எதுக்கு சார் நிறுத்துனாங்க?” என்று கேட்டார். சமதரையில் வலியில்லாமல் நடக்கிறேன், போதும் என்றார்கள் என்றேன். சிரித்தார். நியாயம்தான். ஏறும்போது மூச்சு வாங்கும். காலைச் சோதிப்பது இறக்கம். உடம்பின் எடை முழுவதையும் ஒரு கால் தாங்கி, தசை நீண்டுகொடுத்தபடியே மெதுவாக இறக்கிவிட வேண்டும். கட்டிலில் படுத்து எத்தனை முறை காலைத் தூக்கினாலும் அந்தப் பழக்கம் வராது.

எங்கள் அபார்ட்மென்ட் மாடிப்படியில்தான் அது வந்தது. நான்கு எண்ணி, குதிகாலால் கீழ்ப்படியைத் தொட்டுவிட்டு மேலே வர வேண்டும். முதல் நாள் ஆறு தடவை. ஏழாவதில் முழங்கால் உள்ளே மடிந்தது. இரண்டு மாதம் கழித்து முதுகுப் பையில் ஐந்து கிலோ அரிசி. சலிப்புத்தான். பாதிப்பேர் விட்டுவிடுவது இந்தச் சலிப்பினால்தான் என்று நினைக்கிறேன். படுத்துக்கொண்டு கரண்ட் வாங்குவதில் சலிப்பில்லை.

போன மாதம் மருதமலைக்கு பஸ்ஸில் ஏறிப் போய், படி வழியாக இறங்கி வந்தேன். எதிரே ஏறி வந்தவர் ஒருவர் நின்று, “என்னங்க, இப்படியும் ஒரு வேண்டுதலா?” என்றார்.